வீடா, கடையா? ஓராண்டுச் சட்டத்தின் நீண்ட ஆயுள்

புது தில்லி: குடியிருப்புத் தெருவில் கடை இருக்கலாமா, கூடாதா என்பது மாநகராட்சி மன்ற உறுப்பினர் அளவில் தீர்ந்துவிட வேண்டிய கேள்வி. நாட்டின் தலைநகரில் அது அப்படித் தீரவில்லை. அக்கேள்வி உச்ச நீதிமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஆயிரக்கணக்கான கடைகளுக்குப் பூட்டுப் போட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களையும் வாங்கியது. 2006-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஓராண்டுக்கு மட்டும் என்று கூறி நாடாளுமன்றம் இயற்றிய தில்லிச் சட்டங்கள் (சிறப்பு விதிகள்) சட்டம் பெயரிலும் உள்ளடக்கத்திலும் சிற்சில மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் உயிர் நீட்டிப்புப் பெற்றது. கடைசியாக, 2023 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் அதன் ஆயுளை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது.

தற்காலிக ஏற்பாடு ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடிக்குமானால், அதைத் தற்காலிகம் என்று அழைப்பதில் பொருளில்லை. வீடு ஓரிடம், கடை ஓரிடம், தொழில் ஓரிடம் என்று நகரத்தைக் கூறுபோட்ட பழைய கோட்பாடு தோற்றுவிட்டது என்பதை அரசுகள் எப்போதோ உணர்ந்துவிட்டன. ஆனால் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு புதிய ஒழுங்கை உருவாக்குவதற்குப் பதிலாக, அவகாசம் அளிப்பதையே கொள்கையாக்கிக் கொண்டன. அதற்கான விலையைச் சிறு வணிகர்களும், அண்டை வீட்டுக்காரர்களும், சில வேளைகளில் உயிரைக் கொடுத்துத் தொழிலாளர்களும் மாணவர்களும் செலுத்தி வருகின்றனர்.

பிரிவினைக் கோட்பாட்டின் வருகை: நிலத்தைப் பயன்பாட்டு மண்டலங்களாகப் பிரிக்கும் முறை, தொழிற்புரட்சிக்குப் பிந்தைய மேலை நகரங்களில் பிறந்தது. ஆலைப் புகையிலிருந்து குடியிருப்புகளைக் காப்பதே அதன் முதல் நியாயம். 1926-இல் ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறைக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. வாழ்விடம், பணி, ஓய்வு, போக்குவரத்து என நகரத்தின் பணிகளைத் தனித்தனியே பிரிக்க வேண்டும் என்ற கருத்தை 1933-இல் கூடிய நவீனக் கட்டடக் கலைஞர்களின் மாநாடு வலியுறுத்தியது.

நாடு விடுதலை அடைந்தபோது தில்லி அகதிகளால் நிரம்பி வழிந்தது. 1957-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. அமெரிக்க நகரமைப்பு வல்லுநர் ஆல்பர்ட் மேயர் தலைமையிலான ஃபோர்டு அறக்கட்டளைக் குழுவின் உதவியுடன் தயாரான முதலாவது மாஸ்டர் பிளான் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மனைக்கும் ஒரு பயன்பாடு குறிக்கப்பட்டது. அதற்கு மாறாக நிலத்தையோ கட்டடத்தையோ பயன்படுத்துவது சட்ட விரோதம் என 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-வது பிரிவு தெளிவாகக் கூறுகிறது.

கடைகளே வேண்டாம் என்று அந்தத் திட்டம் சொல்லவில்லை. பேட்டைக்கு ஒரு சிறு வணிக வளாகம், அதற்கு மேல் சமுதாய மையம், அதற்கும் மேல் மாவட்ட மையம் எனப் படிப்படியாக வணிக இடங்களை அரசே கட்டித் தரும் என்றது. நேரு பிளேஸ், பிகாஜி காமா பிளேஸ் ஆகியவை அவ்வாறு உருவான மாவட்ட மையங்களே. நகர்ப்புற நிலத்தைப் பெருமளவில் கையகப்படுத்தி, மேம்படுத்தி, விற்கும் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக் கொண்டது.

எங்கே தவறியது?: அங்குதான் கணக்கு பிசகியது. 1961-இல் 26.6 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, 1981-இல் 62 லட்சத்தைத் தாண்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 1.68 கோடி. மக்கள் பெருகிய வேகத்தில் ஆணையம் கடைகளையும் கட்டவில்லை, வீடுகளையும் கட்டவில்லை. வேறு எவரும் சட்டப்படி கட்டவும் வழியில்லை. நிலத்தின் ஏகபோகம் அரசிடம் இருக்க, தேவை மட்டும் தெருவில் நின்றது.

தெரு தன் வழியைத் தானே தேடிக் கொண்டது. பிரிவினையால் அகதிகளாக வந்தவர்களுக்காக உருவான லாஜ்பத் நகர், ராஜிந்தர் நகர் போன்ற குடியிருப்புகளில் முன்னறை கடையானது, மாடி வீடானது. ஒரு காலத்தில் மத்திய அரசு ஊழியர்களான தமிழ்க் குடும்பங்கள் அடர்ந்து வாழ்ந்த கரோல் பாகில், குடியிருப்புத் தெருக்கள் ஒவ்வொன்றாகச் சந்தைத் தெருக்களாக மாறின. இரண்டாவது மாஸ்டர் பிளான் 1990-இல் வந்தபோது, தரைத்தளத்தில் சிறு பகுதியை வணிகத்துக்குப் பயன்படுத்த வரம்புடன் இடமளித்தது. ஆனால் எந்தெந்தத் தெருக்களில் அனுமதிக்கலாம் என்று ஆய்ந்து அறிவிக்கும் பணி கிடப்பில் கிடந்தது. அனுமதி கேட்டுக் காத்திருப்பதைவிட, உரியவரைக் "கவனித்து" விட்டுக் கடை திறப்பது எளிதாயிற்று.

நடந்தே சென்று அரிசியும் மருந்தும் வாங்க முடிகிற தெரு, வாகனம் இல்லாத ஏழைக்கும் முதியவருக்கும் வீட்டைவிட்டு நெடுந்தூரம் செல்ல இயலாத பெண்களுக்கும் எத்தகைய வசதி என்பதைத் திட்ட வரைபடம் கணக்கில் கொள்ளவில்லை. தொழிற்கூடங்கள் விஷயத்திலும் இதே நிலைதான். குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய தொழிற்கூடங்களை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியபோது, 2000 நவம்பரில் தில்லித் தெருக்களில் போராட்டம் வெடித்தது. வடமேற்கு விளிம்பில் உள்ள பவானாவுக்கு அவை இடம்பெயர வேண்டும் என்றால், தொழிலாளியின் குடிசை எங்கே பெயரும் என்ற கேள்விக்கு விடையளிப்பார் இல்லை.

நீதிமன்றத்தின் பூட்டு: 2006 பிப்ரவரி 16-இல், தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், குடியிருப்பு வீடுகளில் விதிமீறி இயங்கும் வணிக நிறுவனங்களுக்குச் சீல் வைக்க உத்தரவிட்டது. அதிகாரிகளின் உடந்தையின்றி இத்தனை பெரிய விதிமீறல் நடந்திருக்க இயலாது என்றும் சுட்டிக்காட்டியது. மார்ச் 24-இல் தேர்தல் ஆணையத்தின் முன்னாள் ஆலோசகர் கே.ஜே. ராவ், பூரே லால், ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சோம் ஜிங்கன் ஆகிய மூவர் கொண்ட கண்காணிப்புக் குழுவை நியமித்தது. மார்ச் 29-இல் சீல் வைப்பு தொடங்கியது. ஜூன் 30-க்குள் காலி செய்கிறோம் என்று பல்லாயிரம் வணிகர்கள் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர்.

சட்டத்தின் எழுத்துப்படி நீதிமன்றம் செய்ததில் குறை காண முடியாது. விதியை மீறியவருக்குத் தண்டனை. அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த அதிகாரிக்குக் கண்டனம். ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் அரசு கட்டித் தராத கடைகளுக்கு யார் பொறுப்பு என்பதைப் பூட்டும் மெழுகும் தீர்மானித்துவிட முடியாது.

மே மாதத்தில் அரசியல் விழித்துக் கொண்டது. வணிகர்களைப் பகைத்துக் கொள்ள ஆளும் தரப்பும் விரும்பவில்லை, எதிர்த்தரப்பும் விரும்பவில்லை. சீல் வைப்பை ஓராண்டு நிறுத்திவைக்கும் சட்டம் மே 19-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் உறுதிமொழி அளித்தவர்கள் அதைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதில் நீதிமன்றம் உறுதியாக இருந்தது. சீல் வைப்பு மீண்டும் தொடங்கவிருந்த நிலையில், செப்டம்பர் 20-இல் கிழக்கு தில்லியின் சீலம்பூரில் போராட்டம் வன்முறையாக மாறி, போலீஸ் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்தன. 2007 ஏப்ரலில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்து, பாஜக கைப்பற்றியது. சீல் வைப்பால் எழுந்த அதிருப்தி அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்ட கணிப்பு.

2007-இன் திருப்பம்: முன்னாள் துணைநிலை ஆளுநர் தேஜேந்திர கன்னா தலைமையிலான குழு, நெகிழ்வான அணுகுமுறையைப் பரிந்துரைத்திருந்தது. தில்லி அரசு 2,000-க்கும் மேற்பட்ட தெருக்களை வணிக மற்றும் கலப்புப் பயன்பாட்டுத் தெருக்களாக அறிவித்தது. 2007 பிப்ரவரி 7-இல் அறிவிக்கையான மூன்றாவது மாஸ்டர் பிளான், கலப்பு நிலப் பயன்பாட்டுக்கெனத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. கொள்கை அளவில் அது பெரும் திருப்பம்.

குடியிருப்புக் கட்டடத்தின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டர் வரை, காய்கறி, பால், மருந்து, சலவை, தையல் போன்ற அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளுக்கு இடமளிக்கப்பட்டது. மருத்துவர், வழக்குரைஞர் போன்றோர் தம் வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடத்தலாம். பெரிய கடைகளுக்குத் தெருவின் அகலமே அளவுகோல் ஆயிற்று. வீட்டு வரிக்காக ஏ முதல் எச் வரை தரம் பிரிக்கப்பட்ட காலனிகளில், சி, டி பிரிவுகளின் முறையான மனைப்பிரிவுகளில் 18 மீட்டர் அகலத் தெருவும், இ, எஃப், ஜி பிரிவுகளில் 13.5 மீட்டர் அகலத் தெருவும் தகுதி பெற்றன. பழைய நகரத்துக்கும் நகர்ப்புறக் கிராமங்களுக்கும் இன்னும் குறுகிய தெருக்களிலும் அனுமதி கிடைத்தது. செல்வந்தர்கள் வாழும் ஏ, பி பிரிவுக் காலனிகளிலோ, சொற்ப விலக்குகள் தவிர, பெரிய கடைகளுக்குக் கதவு அடைக்கப்பட்டது.

இந்த வரிசையில் ஒளிந்திருக்கும் அரசியலைக் கவனிக்க வேண்டும். அகலமான சாலையும் வாகனம் நிறுத்த இடமும் உள்ள பணக்காரக் காலனிக்கு அமைதி. குறுகிய சந்துகள் கொண்ட ஏழைக் குடியிருப்புக்கு வணிகமும் நெரிசலும். அந்தக் காலனிகளின் குடியிருப்போர் நலச் சங்கங்கள் அமைப்பு வலிமை உடையவை. நீதிமன்றப் படியேறத் தெரிந்தவை. இரைச்சலைத் தடுத்து நிறுத்தும் வலிமை இருந்தவர்களுக்கு அமைதி வாய்த்தது. அந்த வலிமை இல்லாத இடங்களுக்கு இரைச்சல் சென்று சேர்ந்தது.

குடியிருப்போரின் நியாயம்: அதற்காகக் குடியிருப்போரின் முறையீடு பொய்யாகிவிடாது. நான்கு குடும்பங்களுக்காகப் போடப்பட்ட கழிவுநீர்க் குழாயில் உணவகம் இணைக்கப்பட்டால் யார் வீட்டு முற்றத்தில் அது பொங்கும்? இரவு பதினொரு மணிக்குச் சரக்கு இறக்கும் லாரியை எந்தக் காவலர் தடுப்பார்? கடைக்காரரிடம் மாநகராட்சி வசூலிக்கும் பயன்பாட்டு மாற்றக் கட்டணமும் வாகன நிறுத்தக் கட்டணமும் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, அந்தந்தப் பகுதியின் வசதிகளுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது விதி. பணம் கொடுத்தோம், நிறுத்துமிடம் எங்கே என்று வணிகர் கேட்கிறார். நிறுத்துமிடம் இல்லாமல் அனுமதி எப்படி என்று வீட்டுக்காரர் கேட்கிறார். இருவரும் கேட்பது ஒரே கேள்விதான்.

இதைவிடக் கடுமையான கேள்வியைத் தீ எழுப்பியது. 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் ராணி ஜான்சி சாலையை ஒட்டிய அனாஜ் மண்டியில், குடியிருப்புகளுக்கு நடுவே பைகள் தயாரித்த கட்டடத்தில் தீப்பிடித்து, உள்ளே உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 43 பேர் மடிந்தனர். குறுகிய சந்தில் தீயணைப்பு வாகனங்கள் நெருங்கவே திணறின. 2024 ஜூலை 27-இல், பழைய ராஜிந்தர் நகரில் ஒரு குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி நிலையத்தின் அடித்தளத்தில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். கிடங்குக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அனுமதி பெற்ற அந்த அடித்தளம், நூலகமாக இயங்கியது. தமிழகத்திலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் ஐ.ஏ.எஸ். கனவுடன் வந்து தங்கும் பகுதி அது.

இவற்றைக் காட்டி, பிரித்து வைப்பதே பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் 2018 ஜனவரி 20-இல் நடந்ததை அவர்கள் நினைவுகூர வேண்டும். தொழிற்கூடங்களை ஊருக்கு வெளியே கொண்டு செல்வதற்காகவே உருவாக்கப்பட்ட பவானா தொழிற்பேட்டையில், பட்டாசு வைக்கப்பட்டிருந்த கட்டடத்தில் தீப்பற்றி 17 பேர் கருகினர்; அவர்களில் பெண்களே அதிகம். வரைபடத்தில் அது தொழில் மண்டலம்தான். மண்டலத்தின் பெயர் அவர்களைக் காப்பாற்றவில்லை. அனாஜ் மண்டியிலும் பவானாவிலும் இல்லாமல் போனது ஒன்றே: உள்ளே என்ன நடக்கிறது, வெளியேற வழி இருக்கிறதா என்று சென்று பார்க்கும் ஒரு நேர்மையான ஆய்வாளர்.

நீட்டிப்பு என்னும் அரசியல்: விதி வகுத்தாயிற்று என்று 2007-க்குப் பின் அரசு ஓயவில்லை, ஓயவும் முடியவில்லை. புதிய விதிகளுக்கும் அடங்காதவை ஏராளம். அங்கீகாரமற்ற காலனிகள், கிராமக் குடியிருப்புகள், குடிசைப் பகுதிகள், சாலையோர வணிகர்கள், கிடங்குகள் எனச் சிறப்புச் சட்டத்தின் பாதுகாப்பு வளையம் நகர்ந்தது. 2007, 2009 எனக் குறுகிய நீட்டிப்புகள் வந்தன. பின்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கமாயிற்று. 2011 டிசம்பரில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு 2014 இறுதி வரை பாதுகாப்பு அளித்தது. அடுத்து வந்த தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு 2014, 2017, 2020, 2023 ஆகிய ஆண்டுகளின் கடைசியில் அதே வழியில் நடந்தது. 2020-இல் கொரோனா காரணமாகக் குளிர்காலக் கூட்டத் தொடர் நடக்காததால், காலக்கெடு முடியும் தறுவாயில் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 2023-இல் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த கூட்டத் தொடரில் மசோதா நிறைவேறியது.

ஒவ்வொரு முறையும் கூறப்படும் காரணம் ஒன்றே: ஒழுங்குபடுத்தும் பணி முடியவில்லை, கால அவகாசம் தேவை. 2019-இல் 1,731 அங்கீகாரமற்ற காலனிகளில் வசிப்போருக்குச் சொத்துரிமை வழங்கச் சட்டம் வந்தது. உரிமைப் பத்திரம் நல்லதே. ஆனால் அக்காலனிகளில் எந்தத் தெருவில் கடை, எங்கே பட்டறை, தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்பதைப் பத்திரம் தீர்மானிக்காது. பகுதித் திட்டங்களே தீர்மானிக்கும்.

கெடு நெருங்கும்போதெல்லாம் கலக்கமும் திரும்பி வரும். 2017 டிசம்பரில் டிஃபென்ஸ் காலனி சந்தையில் தொடங்கி மீண்டும் சீல் வைப்பு நடந்தது. 2018-இல் கடையடைப்புகள் நடந்தன. மாஸ்டர் பிளானில் அவசரத் திருத்தங்கள் முன்வைக்கப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் முதலில் அவற்றுக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பாஜகவின் அன்றைய தில்லித் தலைவரும் எம்.பி.யுமான மனோஜ் திவாரி கோகுல்புரியில் ஒரு சீலையே உடைத்தார். நீதிமன்றம் அவரைக் கண்டித்து, நடவடிக்கையைக் கட்சியின் பொறுப்புக்கு விட்டது. சட்டம் இயற்றும் அவையின் உறுப்பினரே பூட்டை உடைக்க நேர்ந்தால், அச்சட்டத்தை அவரும் அவருடைய அவையும் ஏன் சீர்செய்யவில்லை என்ற வினா எழுகிறது.

தமிழகத்துக்கும் இது புதுக்கதை அல்ல. விதிமீறிய கட்டடங்களை வரைமுறைப்படுத்தத் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவை, ஒருமுறை மட்டுமே அளிக்கும் வாய்ப்பு என்ற அடிப்படையில் 2000-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் பிறகும் நீட்டிப்புகள் தொடர்ந்தன. தில்லியில் பூட்டுகள் தொங்கிய அதே 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. "ஒருமுறை மட்டும்" என்ற சொற்றொடர் எந்த ஊரிலும் ஒருமுறையோடு நிற்பதில்லை.

அரசுக்கு ஒரு நீதி: கலப்புப் பயன்பாடு தீது என்று அரசே இப்போது நம்பவில்லை. தெற்கு தில்லியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் ஏழினைப் புதுப்பிக்க 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அவற்றுள் நௌரோஜி நகர், வீடுகள் இருந்த இடத்தில் வணிக வளாகமாக உருமாறியது. அதன் விற்பனை வருவாயே மற்றக் காலனிகளின் கட்டுமானச் செலவுக்கு ஆதாரம். அரசு நினைத்தால் குடியிருப்பு வணிகமாகும். வரைபடம் அதற்கேற்ப வளையும். அடுத்த தெருவில் முன்னறையில் தையற்கடை வைத்திருக்கும் விதவைக்கோ, மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் கூடினால்தான் நிம்மதி.

உறுதியற்ற நிலையால் ஆதாயம் அடைவோரும் உண்டு. கடை முழுக்கச் சட்டபூர்வம் என்றால் எவருக்கும் மாமூல் தர வேண்டியதில்லை. முழுக்கச் சட்ட விரோதம் என்றால் கடையே இராது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் கடையே ஆய்வாளருக்கு வருவாய், அரசியல்வாதிக்கு வாக்கு. அவகாசம் தொடர்வதன் ரகசியம் இதில் பாதியாவது இருக்கிறது.

என்ன செய்யலாம்?: 2041-ஆம் ஆண்டுக்கான வரைவு மாஸ்டர் பிளான் 2021-இல் வெளியிடப்பட்டு, 2023 பிப்ரவரியில் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்று, மத்திய அரசின் முடிவுக்கு அனுப்பப்பட்டது. கலப்புப் பயன்பாட்டை அது வரவேற்கிறது. வரவேற்பு மட்டும் போதாது.

முதலாவது, என்ன தொழில் என்ற பட்டியலைவிட, அதன் விளைவு என்ன என்பதே அளவுகோலாக வேண்டும். இரைச்சல், புகை, மின்சுமை, நீர்ச் செலவு, சரக்கு வாகனம், கூடும் மக்கள் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு வரம்பு விதித்து, அதற்குள் அடங்கும் தொழிலுக்கு வீட்டில் இடமளிக்கலாம். இரண்டாவது, தீப் பாதுகாப்புக்கும் அவசர வழிக்கும் எந்த அவகாசச் சட்டமும் கேடயமாகாது என்று நாடாளுமன்றம் வெளிப்படையாக எழுத வேண்டும். கடையைப் பொறுத்துக் கொள்ளலாம். கம்பி அடித்த ஜன்னலைப் பொறுத்துக் கொள்ள முடியாது. மூன்றாவது, வசூலித்த கட்டணத்தைத் தெருவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். நான்காவது, அகலமான சாலை உள்ள செல்வந்தர் காலனிகளும் தம் பங்கு வணிகத்தை ஏற்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் இருபது ஆண்டுகள் தேவையில்லை. ஒவ்வொரு நீட்டிப்பு மசோதாவின்போதும், சென்ற நீட்டிப்புக் காலத்தில் எத்தனை பகுதிகளுக்குத் திட்டம் வகுக்கப்பட்டது, எத்தனை கட்டடங்களில் அவசர வழி சரிபார்க்கப்பட்டது என்ற இரண்டு எண்ணிக்கைகளை அமைச்சர் அவையில் தாக்கல் செய்தாக வேண்டும் என்று உறுப்பினர்கள் வற்புறுத்தினால் போதும். அந்த எண்கள் இல்லாத மசோதா, வணிகரைக் காப்பாற்றும் சட்டமாகாது. அவரை அடுத்த டிசம்பர் வரை பயத்தில் வைத்திருக்கும் சட்டமே ஆகும்.